இருதயமேரி டீச்சர் கேட்ட கேள்வி

இருதயமேரி டீச்சரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் முதலியார்பேட்டையில் யாரும் நம்ப மாட்டார்கள். தவளையை வெறுங்கையால் பிடிப்பாள். செத்த ஓணானை மேசைமேல் மல்லாத்திப் போட்டு வயிற்றைக் கீறிக் காட்டும்போது முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆனால் மனுஷர்கள் என்று வந்துவிட்டால் அவள் சரியான தொடைநடுங்கி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் யாராவது முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டால் போதும், நாம் என்ன சொல்லித் தொலைத்தோமோ என்று அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் வகுப்பில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவைத்தாள். அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அதுவரைக்கும் இருதயமேரி உயிர்நூல் பாடத்தைப் பிரெஞ்சில்தான் நடத்தினாள், அவள் படித்ததும் அப்படித்தான். புத்தகத்தில் இருந்த மரம் எதுவும் புதுச்சேரியில் முளைக்காது. அதில் இருந்த வண்டு இந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பனி பெய்தால் எந்தப் பிராணி எங்கே போய்த் தூங்கும் என்று பிள்ளைகள் வியர்க்க வியர்க்க நெட்டுருப் போட்டார்கள். பிறகு இனிமேல் எல்லாம் தமிழில்தான் என்று உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததே தவிரப் புத்தகம் வரவில்லை. டீச்சர் திண்டாடிப்போனாள். பிரெஞ்சில் நூறு பூச்சிக்குப் பேர் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக் கொல்லையில் ஊர்கிற பூச்சிக்குத் தமிழில் பேர் தெரியவில்லை. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்வது?

வேறு வழியில்லாமல் பிள்ளைகளிடமே கேட்டாள். இதை உங்க வீட்டில் என்ன சொல்வீர்கள், இது எங்கே கிடைக்கும், இதைத் தின்பது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அதுவரைக்கும் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்தக் கீரை எந்த வயலில் முளைக்கும், எந்த மீன் முட்டையோடு இருக்கும்போது வலைக்காரர்கள் பிடிக்க மாட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வகுப்பு சந்தைக்கடை மாதிரி ஆனது. தலைமையம்மாள் வராந்தாவில் நின்று இரண்டு தடவை முறைத்துவிட்டுப் போனாள். இருதயமேரிக்குப் பயமாக இருந்தாலும் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. அந்தச் சந்தோஷம்தான் அவள் கண்ணை மறைத்தது என்று சொல்ல வேண்டும்.

கொசுப் பாடம் வந்தது. அவரவர் கொல்லையில் தேங்கிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னாள். எல்லாப் பாட்டிலிலும் கூத்தாடிப்புழு நெளிந்தது. ஜன்னலோரம் வரிசையாக வைத்துத் துணி கட்டி, புழு கூடாகிக் கூடு கொசுவாவதைப் பிள்ளைகள் தினம் வந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கொசுதான் யானைக்கால் நோயை ஒருத்தர் உடம்பிலிருந்து இன்னொருத்தர் உடம்புக்குக் கொண்டுபோகிறது, அது பரம்பரை நோயும் இல்லை, தொட்டால் ஒட்டுகிற ஒட்டுவாரொட்டியும் இல்லை, சாபம் சாங்கியம் எல்லாம் வெறும் பேச்சு என்று விளக்கினாள். ஒரு பெண் எழுந்து, அமாவாசைக்கு அமாவாசை காய்ச்சல் வருமே, தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதுவா டீச்சர் என்று கேட்டாள். பாருங்கள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் கேட்டுவிட்டாள்.

"யார் யார் வூட்ல யானைக்கால் இருக்குது? கை தூக்குங்க பாப்போம்."

உடனே ஒரு கையும் எழும்பவில்லை. அந்த ஊரில் அந்த நோய் இல்லாத தெரு கிடையாது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுகிற வீடும் கிடையாது. அந்தக் கால் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவளாவது சொல்லுவாளா? டீச்சருக்கு இது தெரியாததா? தெரியும். அந்த நிமிஷத்தில் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

ஒரே ஒரு கை மேலே வந்தது. மில்லில் வேலை பார்க்கும் கன்னியப்பனின் இளைய மகள் ஆதிலட்சுமி. தன் அம்மா செல்வாம்பாளுக்கு இடது காலில் இருக்கிறது என்றாள். டீச்சர் அவளைச் சபாஷ் என்று பாராட்டி, உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டும் என்று எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுத்தாள். அதே வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் சின்னப்பாப்பா என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆதிலட்சுமியின் அக்கா சந்திரகலாவுக்கு நிச்சயம் செய்ய இருந்த மாப்பிள்ளை தெய்வசிகாமணி, இந்தச் சின்னப்பாப்பாவுக்குப் பெரியப்பா மகன். அது டீச்சருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஆதிலட்சுமி பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று டீச்சர் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். சின்னப்பாப்பா தோழிகளோடு குசுகுசுவென்று பேசுவதும், டீச்சர் பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொள்வதுமாக இருந்தாள். கடைசியில் மத்தியான இடைவேளையில் கன்னியப்பனே வந்தார். கேட்டுக்கு வெளியே பாதாம் மரத்தடியில், மில் பஞ்சு தலையில் ஒட்டியபடி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கும்பிட்டார். அதுதான் டீச்சருக்கு ஈரக்குலையை அறுத்தது.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது, இப்போது மாப்பிள்ளை வீட்டில் இந்த வெள்ளி தோதுப்படாது, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்று ஆள் விட்டிருக்கிறார்கள் என்றார். அப்புறம் என்றால் எப்புறம் என்று நமக்குத் தெரியாதா என்றார். அந்தத் தெருக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று சம்பந்திப் பெண்கள் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி காலில் மஞ்சள் பூச வேண்டும், தாலி அறுத்தவளுக்கும் இதில் விலக்கு இல்லை. செல்வாம்பாள் காலைக் காட்ட முடியாது என்பதால், அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி உள்ளே படுக்க வைத்துவிட்டு, அவள் தங்கையை மஞ்சள் பூச உட்கார வைப்பதாக ஏற்பாடு. எல்லாம் பக்குவமாகச் செய்துவைத்திருந்ததைப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டது.

"நீங்க படிச்சவங்க, ஒங்க பேச்சுக்கு மரியாத இருக்குது. அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த, பொண்ணு தெரியாம சொல்லிட்டா, அந்த வூட்ல அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வாங்க டீச்சரம்மா. சந்திரகலாவுக்கு இத வுட்டா வேற இடம் அமையாது."

இருதயமேரி பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் அண்ணன் தனிஸ்லாஸிடம் சொன்னாள். அவர் கோர்ட்டில் எழுத்தர். ஊரான் வீட்டு விவகாரத்தில் தலையைக் கொடுக்காதே, கொடுத்தாயிற்று என்றால் சீக்கிரம் எடுத்துக்கொள் என்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்கிறார்களே, ஒரு பொய்தானே, சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள் என்று கேலி வேறு செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொன்னால் ஆதிலட்சுமி பொய்க்காரி ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் சந்திரகலா வீட்டோடு கிடப்பாள். இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு. அவள் கேட்ட கேள்விக்கு யாரோ பதில் சொல்ல, வேறு யாரோ அழிந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகிற வழியில், நாலு தெரு தள்ளியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தாள். தெய்வசிகாமணியின் அம்மா பார்வதி, புருஷனை இழந்து ஒற்றை மகனை வளர்த்தவள். கட்டிலில் இடுப்புவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. டீச்சர் என்றதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்காருங்கள் என்று கை காட்டினாள். இருதயமேரி உட்கார்ந்ததும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைக் கடகடவென்று ஒப்பித்தாள். ஆதிலட்சுமி சின்னப் பெண், டீச்சர் மெச்ச வேண்டும் என்று இல்லாததைச் சொல்லிவிட்டாள், அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் கால் இல்லை, நான் விசாரித்துவிட்டேன் என்றாள். விசாரித்துவிட்டேன் என்பது கன்னியப்பன் கேட்காததை அவளாகச் சேர்த்துச் சொன்ன பொய்.

பார்வதி முகம் தெளியும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். தெளியவில்லை, இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது.

"அப்டியா," என்றாள் பார்வதி. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "அப்போ இந்த சம்பந்தம் வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர். நீங்களே சொல்லிடுங்க, எனக்கு சொல்ல வாய் வராது" என்றாள்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்வதி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போர்வையை விலக்கினாள். வலது கால், கணுக்காலிலிருந்து முழங்கால்வரை உலக்கை மாதிரி வீங்கி, தோல் தடித்துக் கிடந்தது. நெறி கட்டிக் காய்ச்சல் வந்து படுத்ததால்தான் இந்த வெள்ளி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேறு ஒரு காரணமும் இல்லை. பெண் வீட்டுக்குப் போய் அந்தக் காலை மஞ்சளுக்கு நீட்ட வேண்டுமே என்ற பயத்தில் அவள் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. அப்போதுதான் சின்னப்பாப்பா வந்து பெண்ணின் அம்மாவுக்கும் இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறாள்.

"அதக் கேட்டதும் எனக்கு மனசு எப்டி ஆறிச்சு தெரியுமா. நாளைக்கு அவங்க என் காலப் பாத்து மூஞ்ச சுளிக்க மாட்டாங்க, மருமவளும் மதிப்பான்னு நெனச்சேன். இப்ப இல்லன்றீங்க. சுத்தமான வூட்டு பொம்பள இந்தக் காலத் தொட்டு மஞ்சள் பூசுறப்ப கை கூசிச்சுன்னா, நான் அங்கயே செத்துப் போயிடுவேன்."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள் இருதயமேரி. அந்தக் குழந்தை சொன்ன உண்மைதான் இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை இவள் வந்து வெட்டிப் போட்டுவிட்டாள். அம்மா, நான் பொய் சொன்னேன், அந்த வீட்டில் இருக்கிறது, ஆதிலட்சுமி சொன்னதுதான் சரி என்று பதறிப்போய்ச் சொன்னாள். பார்வதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"என் காலப் பாத்துட்டு, மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு. வேணாம் டீச்சர்."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? ஒரே வாயிலிருந்து அரை மணி நேரத்தில் இல்லை என்றும் வந்தது, இருக்கிறது என்றும் வந்தது. படித்தவள் பேச்சுக்கு மரியாதை என்றாரே கன்னியப்பன், அந்த மரியாதை அந்தக் கட்டிலடியிலேயே செத்துப்போனது. டீச்சர் வெளியே வந்தபோது பள்ளி மணி அடித்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மணிக்கு முன்னால் போய் நிற்கிறவள், அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கன்னியப்பன் வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த கன்னியப்பன் வாசலிலேயே இருந்தார். என்ன ஆச்சு என்று ஆவலாக எழுந்தார். இங்கேதான் இருதயமேரிக்கு அடுத்த சோதனை. பார்வதியின் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அது பார்வதி வீட்டுச் சங்கதி, கதவைப் பார்த்துவிட்டுத்தான் அவள் போர்வையை விலக்கினாள். ஒரு வீட்டை வகுப்பில் வைத்து அம்பலமாக்கியது போதாதா, இன்னொரு வீட்டையும் வாசலில் நின்று அம்பலமாக்குவதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். முதலில் இல்லை என்று பொய் சொன்னதையும், பிறகு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதையும், அந்த அம்மாள் இப்போது எதையும் நம்பவில்லை என்பதையும் சொன்னாள். செல்வாம்பாள் தன்னோடு அந்த வீட்டுக்கு ஒரு தடவை வந்து நின்றால் எல்லாம் சரியாகும், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றாள்.

கன்னியப்பனுக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் குடியைக் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறாயே, இப்போது அந்தக் காலைப் பட்டப்பகலில் தெருவில் ஊர்வலம் விட வேண்டுமா என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் பயந்ததெல்லாம் ஒன்றாக வந்து எதிரில் நின்றது, ஆனாலும் காலை எடுத்துத் திரும்பிப் போக அவளால் முடியவில்லை.

உள்ளேயிருந்து செல்வாம்பாள் வந்தாள். புடவை தரையைக் கூட்ட, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவள் பின்னால் சந்திரகலா, அழுது வீங்கிய முகம். பக்கத்தில் ஆதிலட்சுமி. குழந்தையின் கையில், முழங்கைக்கு மேலே, கரண்டிக் காம்பால் வாங்கிய அடி கன்றியிருந்தது.

"நாந்தான் அடிச்சேன்," என்றாள் செல்வாம்பாள் டீச்சரைப் பார்த்து. "எங்கம்மாவுக்கு இருக்குதுன்னு சொன்னதுக்கு, அம்மாவே அடிச்சேன்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணு நிச்சயத்துல என்ன உள்ள போட்டு கதவ சாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. என்ன ஒரு வார்த்த கேக்கல, நானும் வாயத் தொறக்கல. இப்ப போறேன்."

செல்வாம்பாள் புடவையைக் கொஞ்சம் உயர்த்திச் சொருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். வருஷக் கணக்காக விடிகிறதற்கு முன்னால் குழாயடிக்குப் போய்வருவதோடு சரி, பகலில் அவள் தெரு மிதித்ததில்லை. ஆதிலட்சுமி அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள், டீச்சர் பின்னால் போனாள். தையல்காரன் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மீன்காரி கூடையை இறக்கிவிட்டு, எவ்ளோ நாளாம்மா இப்டி என்று வாய்விட்டே கேட்டாள். ரொம்ப நாளா என்று செல்வாம்பாள் நிற்காமல் பதில் சொன்னாள். இருதயமேரிக்குத்தான் ஒவ்வொரு வீடு கடக்கும்போதும் உயிர் போய்ப் போய் வந்தது. ஒருவேளை பார்வதி கதவைச் சாத்திக்கொண்டால்? காய்ச்சலில் வெளியே வர முடியாமல் போனால்? இந்தக் காலை ஊரே பார்த்த பிறகு சந்திரகலாவை யார் கட்டுவான்? மாதாவே, மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பார்வதி வாசலுக்கு வந்துவிட்டாள். தெருவில் எழுந்த சலசலப்பு அவளை இழுத்து வந்திருந்தது. கதவைப் பிடித்தபடி, வருகிற பெண்ணின் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் புடவையை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள், சின்னப்பாப்பாவின் அம்மா உட்பட நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. செல்வாம்பாள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதபடியே உள்ளே போனார்கள். அடுத்த வெள்ளி நல்ல நாள்தானே என்று பார்வதி கேட்பதும், ஆமாம் என்று செல்வாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்வதும் வெளியே கேட்டது.

வாசல் படியில் டீச்சரும் ஆதிலட்சுமியும் மட்டும் நின்றார்கள். குழந்தை அவளைப் பார்க்கவே இல்லை. இருதயமேரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆதிலட்சுமி, நீ சொன்னது நெசம். பொய் சொன்னது நான். நீ இல்லாததச் சொன்னேன்னு இந்த வூட்ல வந்து சொல்லிட்டேன்."

"தெரியும் டீச்சர், அப்பா அப்டிச் சொல்லச் சொல்லித்தான ஒங்ககிட்ட கேக்க வந்தாரு," என்றாள் குழந்தை. கொஞ்ச நேரம் தரையைக் கால் கட்டைவிரலால் கீறிக்கொண்டிருந்தாள். "ஏன் டீச்சர் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு."

ஆதிலட்சுமி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு கை தூக்கறப்ப எனக்கும் பயமாத்தான் டீச்சர் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.